ஆளுக்கு ஒரே நேரம்

சிறைக்குப் போவதற்கு முன்னால் நான் போன் செய்தேன்.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்கும் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவோம். மத்தூரில் இருக்கிற என் மச்சான் வீட்டுக்கு ஒருமுறை சொல்லாமல் போய் நின்றதற்கு, "என்னா மாமா, ஊட்ல சண்டையா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் எனக்குப் பாய் எடுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பாடம் மறக்கவில்லை. ஆகவே கிளைச்சிறைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, "புதன்கிழமை காலையில் வரலாமென்று இருக்கிறோம், உங்களுக்குத் தோதுப்படுமா?" என்று பணிவாகக் கேட்டேன். "தாராளமா வாங்க சார், டிபன் இங்கயே வச்சுக்கலாம்" என்றார் அவர். மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

என்னோடு வரவிருந்த டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.  "போன் பண்ணிட்டீங்க" என்றார் அவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற குரல் அது.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தேய்ந்துகொண்டிருப்பவன். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டிலும் அதை இலவசமாகச் செய்து பார்த்து, உடல்நலம் கருதிக் கைவிட்டேன். இப்படிப்பட்டவனைச் சிறைக்குப் பார்வையாளனாக நியமித்தது யார் குற்றம் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருநாள் அரசு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எங்கள் தெருவில் தோண்டிப் போட்ட பள்ளத்தைப் பற்றி நான் கொடுத்த மனுவுக்குப் பதில் என்று நினைத்து, "ரொம்ப நாளாத் திறந்தே கிடக்குதுங்க, யாராவது விழுந்துட்டா என்ன செய்வீங்க?" என்றேன். மறுமுனையில் இருந்தவர் குழம்பிப்போய், "அப்படி ஒண்ணும் தகவல் இல்லீங்களே, ஜெயில் பூட்டித்தான் இருக்குது" என்றார். சிறைகளைப் பார்வையிடும் குழுவில் 'அலுவல்சாரா பார்வையாளர்' என்று பொதுமக்களிலிருந்து சிலரைப் போடுவார்களாம். முதலில் நினைத்திருந்தவர் வெளிநாட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "அவங்களுக்கு வேற யாருமே கிடைக்கலையா?"

குழுவில் இன்னொருவராக வந்தவர்தான் டாக்டரம்மா. எங்கள் அடுக்ககத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெங்களூரில் வீடு வாங்க முடியாதவர்கள் எல்லோரும் வந்து சேருகிற ஊர் ஓசூர் என்பதால் வந்து சேர்ந்தவர். காலையும் மாலையும் சின்னதாக ஒரு கிளினிக். அதற்கு முன்பு பல வருடங்கள் அவர் வெளிநாடுகளில் சிறைகளைப் போய்ப் பார்க்கிற ஒரு சர்வதேசக் குழுவில் மருத்துவராக இருந்தார் என்பது எனக்கு இந்த நியமனத்துக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பற்றி மட்டும்.

அவர் சொல்லித்தான் எனக்கு இந்த உலகமே தெரியவந்தது. அடைத்து வைக்கப்பட்ட மனிதரை யாரும் சித்திரவதை செய்யக் கூடாது என்று உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. சொன்னால் மட்டும் போதாது, யாராவது போய்ப் பார்க்கவும் வேண்டும் என்று பிற்பாடு அதற்கு ஒரு துணை ஒப்பந்தமும் செய்தார்கள். அதை ஏற்றுக்கொண்ட நாட்டில் அதற்கென்று அமைத்த குழு எந்தச் சிறைக்கும், எந்தக் காவல் நிலையத்துக்கும், எந்த நேரத்திலும் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டலாம். திறந்துதான் ஆகவேண்டும்.

"நம்ம நாடு?" என்றேன்.

"முதல் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு சார். உறுதி பண்ணுததுதான் பாக்கி."

"எவ்வளவு நாளா?"

"நீங்க கம்பெனியில சேருததுக்கு முன்னாடியிருந்து."

நிச்சயதார்த்தம் முடித்து, தட்டு மாற்றி, கல்யாணத் தேதியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்காத வீடுகள் உண்டு. அந்த மாதிரி. ஆக, எந்த உலகக் குழுவும் எங்கள் மாவட்டத்துக் கிளைச்சிறையின் கதவைத் தட்டப்போவதில்லை. அந்தக் குழுக்களின் விதிகளைத் தலைக்குள் வைத்திருந்த ஒரு டாக்டரும், போன் செய்துவிட்டு வருகிற ஒரு தர ஆய்வாளனும்தான் அதற்கு வாய்த்தோம். எந்த ஊர்க் கிளைச்சிறை என்று நான் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

புதன்கிழமை காலை வாசலில் இறங்கியதும் பெயிண்ட் வாசனை அடித்தது. உள்ளே நுழைந்ததும் நான் அசந்து நின்றுவிட்டேன். தரையெங்கும் மஞ்சள் கோடுகள். வாசலிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து குழாயடிக்கு, இரண்டிரண்டு கோடுகளாக, நடுவில் அம்புக்குறியோடு. எங்கள் கம்பெனியில் ஆட்கள் எந்த வழியில் நடக்க வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் எந்த வழியில் போக வேண்டும் என்று காட்டுவதற்குப் போடுகிற அதே கோடுகள். கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மச்சினன் ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ்ல இருக்கறான் சார். ஆடிட்காரரு வர்றாருன்னு சொன்னன். மஞ்சக் கோடு இல்லாட்டி மொதல் வேலையா அதத்தான் எழுதுவாங்க மாமான்னான். எப்பிடி இருக்குது?"

அகலம் சரியாக இருந்தது. மூலைகளில் கூடப் பிசகில்லை. சொல்லவும் செய்தேன். கைதிகள் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கோடுகளுக்குள்ளேயே நடந்து வந்து முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் விசாரணைக் கைதிகள். வழக்கு முடியாதவர்கள், ஜாமீனுக்கு ஆள் கிடைக்காதவர்கள். கோட்டைத் தாண்டி ஒரு கால் வெளியே வந்தால் வார்டர் தொண்டையைக் கனைத்தார். எனக்குள் இருந்த தர ஆய்வாளன் மனம் குளிர்ந்துபோனான். டாக்டரம்மா குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கோட்டைத்தான் ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"பெயிண்ட் வாசனை உலகம் பூரா ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார் மெல்ல. அவ்வளவுதான் சொன்னார்.

கண்காணிப்பாளரின் அறையில் மேசைக்கு விரிப்பு, இரண்டு நாற்காலிகள், சுற்றுகிற மின்விசிறி, தட்டில் பிஸ்கட். தலை சீவி, சட்டை மடிப்புக் கலையாமல் மூன்று கைதிகள் வாசலிலேயே தயாராக நின்றார்கள். "இவங்க மூணு பேரும் நல்லாப் பேசுவாங்க" என்று அறிமுகம் செய்தார். வார்டர் ஒருவர் பாதுகாப்புக்காகப் பக்கத்திலேயே நிற்பார் என்றும் சொன்னார்.

"ரொம்ப சந்தோசம் சார்" என்றார் டாக்டரம்மா. "நாங்க வெளியே மரத்தடியில உட்காருதோம். நீங்க எல்லாரும் இங்கேயிருந்து எங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். பேசுதது மட்டும் கேட்க வேண்டாம்."

"வெயிலா இருக்குமே."

"பரவாயில்ல. எல்லார்கிட்டயும் பேசணும்."

"எல்லார்கிட்டயுமா? மூணு பேர்கிட்ட பேசினா தெரிஞ்சுக்கலாமே. சோத்துக்கு ஒரு பருக்கை பாக்கற மாதிரி."

"எல்லார்கிட்டயும். ஆளுக்கு ஒரே நேரம்."

அதற்கான காரணத்தைக் காரில் வரும்போதே எனக்குச் சொல்லியிருந்தார். எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் பேசிவிட்டு, ஒருவரிடம் மட்டும் அதிக நேரம் பேசினால், நாம் கிளம்பிப் போனதும் அந்த ஒருவர் யாரென்று வார்டர் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகையால் சொல்ல நிறைய இருப்பவருக்கும் அதே நேரம், ஒன்றும் இல்லாதவருக்கும் அதே நேரம். கால்மணிக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டோம். முற்றத்தின் இந்தக் கோடியில் ஒரு புங்க மரம், அந்தக் கோடியில் ஒரு புங்க மரம். இதில் நான், அதில் அவர். ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை. லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் பேசுவது எங்களுக்கே பாதிதான் கேட்டது. பாதுகாப்பு என்றால் அதுதான் பாதுகாப்பு.

ஒரே நேரம் என்பது சொல்வதற்கு எளிது. முதலில் வந்தவர் சாம்பாரைப் பற்றியே பேசினார். அதில் பருப்பு எந்த நாளில் காணாமல் போனது என்று விளக்கினார். அடுத்தவர் ஓசூரில் நடந்த பைக் திருட்டு வழக்கு.

"நான் திருடல சார். ஸ்டார்ட் ஆவுதான்னு பாத்தன்."

"எங்கே வைத்துப் பிடித்தார்கள்?"

"ஆம்பூர் தாண்டி சார்."

மூன்றாவது ஆள் என்னை உற்றுப் பார்த்தார். எங்களுக்குப் பாகம் செய்து தருகிற ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவராம். "சார், நீங்க எங்க கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வந்தீங்க. நீங்க எழுதிட்டுப் போனதுலதான் எங்க லைனையே நிறுத்திட்டாங்க" என்றார். வேலை போய், குடி வந்து, அடிதடி வந்து, இங்கே வந்திருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில்தான் சொன்னார். அவரோடு கழித்த நேரம்தான் அன்றைக்கு எனக்கு நீளமாக இருந்தது. கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தவர் நாட்றாம்பாளையத்து மலைக்காரர். என் வயதிருக்கும். ராகியும் அவரைக்காயும் பயிரிட்டுப் பிழைக்கிறவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார். எங்களுக்கு அது பழக்கம்தான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கிறார். அது யார் வீட்டிலிருந்தோ திருடிக்கொண்டு வந்த மாடு. விற்றவன் போன இடம் தெரியவில்லை. வாங்கியவர் உள்ளே வந்துவிட்டார்.

"நல்ல மாடுங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஹௌதுங்க, நல்ல மாடு. அதான் பாவம். கெட்ட மாடா இருந்தா வாங்கியே இருக்கமாட்டன்."

மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். தன் நேரம் முடியப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒரு பெரிய லாரி கடக்கும்போது குரலை மாற்றாமல், முகத்தை மாற்றாமல், இன்னும் மாட்டைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரியே சொன்னார்.

"வந்த அன்னிக்கு உள்ளங்கால்ல அடிச்சாங்க. தடியில துணி சுத்திக்கிட்டு. என்னாத்துக்குன்னு கேட்டன். புதுசா வர்றவங்களுக்கு இங்க இது வழக்கம்னாங்க."

"யார்?"

"பேரு சொல்லமாட்டன்."

"இதை நாங்கள் எழுதலாமா?"

"வேண்டாங்க. கை எடுத்துக் கும்பிட்டா அங்கிருந்து பாக்கறவங்களுக்குத் தெரியும், அதனால கும்பிடல. எழுத வேண்டாம். நீங்க சாயங்காலம் ஓசூர் போயிருவீங்க."

நேரம் முடிந்திருந்தது. அந்தக் கோடியில் டாக்டரம்மா தன் ஆளை எழுப்பி அனுப்பிவிட்டு என் பக்கம் பார்த்தார். எனக்கு இன்னும் பத்துக் கேள்விகள் இருந்தன. மலைக்காரர் எழுந்துகொண்டார். மாட்டு வியாபாரம் படியாமல் போகிறவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அடுத்து வந்தவர் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி விரிவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகமில்லை.

திரும்பும்போது கார் சூளகிரி வருவதற்குள் எங்களுக்குச் சண்டை வந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. "அவர் நடந்து வந்ததைப் பார்த்தேன் சார். எல்லாரும் கோட்டுக்குள்ள பாதத்தை நேரா வச்சு வந்தாங்க. அவர் பாதத்தோட வெளி விளிம்பை ஊன்றி வந்தார். தடம் மாறாம நடக்கச் சொன்னதால அது நல்லாவே தெரிஞ்சுது. உங்களுக்காகப் போட்ட கோடு எனக்கு உதவிட்டு."

"இன்றைக்கே நம் குழுத் தலைவரான நீதிபதிக்கு எழுதுவோம்" என்றேன்.  ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குறை தெரிந்தால் உடனே பதிவு செய்ய வேண்டும், எந்தப் பாகம், எந்த ஷிஃப்ட், யார் கையில் தப்பு நடந்தது, மூலகாரணம் என்ன. வருடக்கணக்கில் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"உங்க கம்பெனியில ஒரு போல்ட்டு சரியில்லன்னு நீங்க எழுதுதீங்க. நீங்க போனப்புறம் அந்தப் போல்ட்டை யாராவது அடிப்பாங்களா சார்?"

ஹார்ன் அடித்து, முன்னால் போன லாரியைத் தாண்டினேன்.

"அவர் எழுத வேண்டாம்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்போ எழுத வேண்டாம்."

"அப்படியானால் நாளைக்குப் புதிதாக வருகிறவருக்கும் அடி விழும்."

"விழலாம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இல்லை என்பது குரலில் தெரிந்தது. "அதான் இந்த வேலையில ரொம்பக் கஷ்டமான இடம். அவரை வச்சு மத்தவங்களைக் காப்பாத்த நமக்கு உரிமை இல்ல சார். அவர் கொடுத்தா எடுக்கலாம். கொடுக்கலைன்னா நாமளா எடுக்கக் கூடாது. சீக்கிரம் திரும்பிப் போகணும், அதுதான் இப்போ நம்மளால முடியும். நாம திரும்பி வருவோம்னு அவங்களுக்குத் தெரியணும்."

ஓசூர் வரும்வரை சாலையையே பார்த்து ஓட்டினேன். கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியின் பிரஸ் ஷாப்பைத் தாண்டும்போதுதான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அங்கே தகட்டை வெட்டி அழுத்துகிற மெஷினில் இரண்டு பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். புதிதாகச் சேருகிறவர்கள் இதென்ன ரோதனை, ஒரு கையால் அமுக்கி மறு கையால் தகட்டை வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்பார்கள். பழைய ஆட்கள் விளக்கம் சொல்ல மாட்டார்கள். யாரோ ஒருவர் கையை இழந்த பிறகு யாரோ ஒருவர் யோசித்து வைத்த இரண்டாவது பட்டன் அது.

இந்தச் சிறை விதிகளை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில், நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கமாவுக்காகச் சண்டை போட்டிருப்பார்கள் என்றுதான் அதுவரை கற்பனை செய்திருந்தேன். உலக மாநாடுகளைக் கிண்டல் செய்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் 'எல்லோரோடும் ஒரே நேரம் பேசு' என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து யாருக்கும் தோன்றியிருக்காது. எந்த நாட்டிலோ ஒரு நல்ல மனிதர் ஒரு கைதியிடம் மட்டும் மனமிரங்கிக் கூடுதல் நேரம் பேசிவிட்டு, கதவு வரை வந்து கைகொடுத்துவிட்டுப் போயிருப்பார். மறுபடி போனபோது அந்தக் கைதி இருந்த நிலையைப் பார்த்திருப்பார். அதன் பிறகும் வேலையை விட்டுவிடாமல், இனி வேறொருவருக்கு இப்படி ஆகக் கூடாதென்று உட்கார்ந்து யோசித்து இதை எழுதியிருப்பார். கைதிக்கு என்ன ஆனது என்று விதியில் இருக்காது. விதி மட்டும் ஒற்றை வரியாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு இந்த டாக்டர் என் காரில் உட்கார்ந்து, ஒரு மலையூர்க்காரரின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் காவல் இருக்கிறார். கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்த வார அறிக்கையை டாக்டரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதினோம். கொசு, குழாய்த் தண்ணீர், சாம்பாரில் பருப்பு, கூடவே புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் அன்றைக்கே அரசு மருத்துவர் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி. மற்றவற்றுக்கு நடுவில் அந்த வரி பஸ் கூட்டத்தில் நிற்கிற ஆள் மாதிரி நின்றது. அதில் 'பாதம் உட்பட' என்று அவர் எழுதியிருந்தார்.

"பாதம் என்று போட்டால் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடுமே" என்றேன். "எங்கே குறை என்று தெரியாதவன் அந்த இடத்தைக் குறிப்பிட்டு எழுத மாட்டான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரிதான்" என்றார். 'தலை முதல் கால் வரை' என்று மாற்றினார். தர ஆய்வில் நான் வாங்கிய எந்தக் கேடயமும் எனக்கு அந்தச் 'சரிதான்' அளவுக்குப் பெரிதில்லை. கேடயங்கள் எல்லாம் பரணில் இருக்கின்றன.

ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தால்? யாராவது அதைப் படித்துவிட்டு, மலைக்காரரின் நடையை யோசித்துப் பார்த்தால்? அறிக்கையின் நகல் சிறைக்குப் போன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஜெயிலுக்குப் போனவரு மாதிரியே ஆயிட்டீங்க" என்றாள் மனைவி.

அடுத்த வாரமே போனோம். இந்தமுறை போன் செய்யவில்லை. கண்காணிப்பாளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா டிபனுக்குச் சொல்லியிருப்பனே சார்" என்றார், மனம் நொந்த குரலில். அவர் நொந்தது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் அது அவமரியாதைதான்.

முற்றத்தில் வந்து உட்கார்ந்தவர்களில் மலைக்காரர் இல்லை.

"எல்லோரும் வந்தாச்சுங்களா?" என்றேன்.

"ரெண்டு பேரு கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. ஒருத்தர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்குது. மீதி ஆளுங்க உள்ள சமையல்கட்டுல வேலையா இருக்காங்க, வருவாங்க."

ஆஸ்பத்திரிக்கு யார் என்று கேட்க வாய் வந்தது. டாக்டரம்மா என்னைப் பார்க்காமலே தலையை மிக லேசாக அசைத்தார். ஒருவரைக் குறித்து விசாரித்தால் அவரைக் கைகாட்டியது மாதிரி. மாடு வாங்கியவர் எங்கே என்று நான் கேட்ட மறுநிமிடம், போன வாரம் என்னிடம் பேசியவர்களில் யார் எதையாவது சொன்னார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். கேட்காமல் இருப்பது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்யக்கூடியது. மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

சாம்பார்க்காரர் வந்தார். பருப்பு வந்திருக்கிறதாம், ஆனால் புளி அதிகமாம். நான் முழு நேரமும் கேட்டேன். பைக் வழக்குக்காரர் வந்து, தன் வழக்கறிஞர் ஆம்பூரைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். சிரித்தேன். கண் சமையலறை வாசலிலேயே இருந்தது. பிறகு, நேரம் முடிகிற சமயத்தில், அவரும் சாலையில் ஒரு லாரி வரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"வந்த அன்னிக்கு எனக்கும் குடுத்தாங்க சார். உள்ளங்கால்ல."

"போன வாரம் சொல்லவில்லையே?"

"போன வாரம் பேசினவங்களுக்கு என்னா ஆவுதுன்னு பாக்கலாம்னு இருந்தன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. யாரு சொன்னாங்க, யாரு சொல்லலன்னே தெரியல, எல்லாரும்தான பேசினோம். எழுதிக்கங்க. என் பேரு மட்டும் வேண்டாம்."

ஒப்பந்தத் தொழிலாளியும் அதையே சொன்னார். கழிப்பறைக் குழாய்க்காரரும் சொன்னார். அந்தக் கோடியில் டாக்டரம்மாவிடமும் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஒவ்வொருவரும் தான் மட்டுமே சொல்வதாக நினைத்துக்கொண்டு, லாரிக்குக் காத்திருந்து சொன்னார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். சமையலறை வாசலில் இன்னும் யாரும் வரவில்லை.

கடைசி ஆளாகத்தான் மலைக்காரர் வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காய் நறுக்கப் போட்டிருக்கிறார்கள் என்றார். நடையில் கொஞ்சம் சாய்வு இருந்தது, போன வாரத்தை விடக் குறைவு. உட்கார்ந்தார்.  

"நம்ம சமாச்சாரம் எழுதலீங்களே?" என்றார்.

"இல்லீங்க."

"தெரியும். எழுதியிருந்தா எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்கு நாலஞ்சு பேரு சொல்லியிருப்பாங்களே" என்றார்.

யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடமும் சொல்லக் கூடாது. சும்மா இருந்தேன். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

"அப்ப எழுதிக்கங்க. கும்பலோட கும்பலா என்னுதையும் சேத்துக்கங்க." பிறகு அவருக்கு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "அந்த மாட்ட எங்க கட்டியிருக்காங்கன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா? பாலு நிக்கறதுக்குள்ள யாராச்சும் சரியாக் கறக்கணும்."

"கேட்டுப் பார்க்கிறேன். முடியும் என்று சொல்ல முடியாது."

"பரவால்லீங்க. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் முடியும்னுதான் சொல்லிட்டுப் போனாங்க."

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் எதுவும் இல்லாமல், பலர் சொன்னதாக நாங்கள் எழுதிக் கொடுத்ததை நீதிபதி வாசித்தார். நேரில் வந்தார், போன் செய்யாமல். இப்போது புதிதாக வருகிறவர்களை அன்றைக்கே அரசு மருத்துவர் பார்க்கிறார். இரண்டு வார்டர்கள் அங்கே இல்லை. வழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். தர ஆய்வில் யாரும் அப்படி எழுதுவதில்லை. டாக்டரம்மாவும் நானும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். மலைக்காரருக்கு ஜாமீன் கிடைத்தது. மாடு உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அது நியாயம் என்று மலைக்காரரே சொன்னார், விருப்பமில்லாமல்.

அந்த இரண்டாம் முறை நாங்கள் கிளம்பும்போது கண்காணிப்பாளர் வாசல் வரை கூடவே வந்தார். வார்டர்கள் இரண்டு பேர் கொஞ்சம் பின்னால் நின்றார்கள். பேச்சோடு பேச்சாக, பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சொன்னாங்க சார்" என்றார். "நிறையச் சொன்னாங்க. ஒருத்தர் பாக்கியில்ல."